மல்லாட்டையைச் சுத்திப் போன கோடு

கிட்ட வந்து குந்துங்க. ஓரமா நின்னு கேட்டா பாதிதான் காதுல விழும். மீதியை நீங்களா சேர்த்து ஊர்ல சொல்லுவீங்க. எனக்கு ஏற்கெனவே இருக்கற பேரே போதும்.

எம்பதுகள்ல ஒரு நாளு. அன்னிக்கி எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. திண்டிவனத்துல கால்பந்து மைதானத்துக்குக் கோடு போடணும்.

அவ்வளவுதான்! சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கினே நேரா நடக்கணும். மூணாங்கிளாஸ் படிச்சவன் செய்யற வேலை. நான் ரெண்டாங்கிளாஸோட நின்னவன்.

சும்மா போடற கோடு இல்ல அது. அந்த மைதானத்தை லாரி நிறுத்த எடுத்துக்கப் போறாங்கன்னு பேச்சு கிளம்பியிருந்துச்சு. எங்க கிளப்பு செக்ரட்டரி சம்பந்தம், ஆசியாக் கண்டத்துக்கே பந்தாட்டத்தைக் கட்டி ஆள்ற சங்கத்துக்கு லெட்டர் எழுதிட்டாரு. "எங்க மைதானத்தை உங்க லிஸ்ட்டுல சேர்த்துக்கங்க"ன்னு. சேர்த்துட்டா லாரிக்காரன் கிட்டக்க வர முடியாதாம்.

அந்தச் சங்கம் இருக்குதே, ஜப்பான்காரன் அரபுக்காரனோட எப்ப ஆடணும், எங்க ஆடணும், எல்லாம் அதுதான் சொல்லும். கண்டத்துல ஒரு மூலை விடாம லெட்டர் போடும். ஒரு பந்து போடாது! எங்க பசங்க அப்ப உதைச்சுக்கினு இருந்த பந்துல தோலை விடத் தையல்தான் அதிகம்.

செக்ரட்டரியும் லேசான ஆளு இல்ல. அவரு ஜென்மத்துல ஒரே ஒரு தபாதான் பந்தை உதைச்சாரு. அதுவும் அவரு சைக்கிள் மேல வந்து பட்டுச்சேங்கற கோவத்துல. ஆனா சித்திரை வெயில்லகூட கோட்டைக் கழட்ட மாட்டாரு. கோட்டுப் பாக்கெட்டுல விசில் வேற.

"கன்னியப்பா, நாளைக்கிச் சங்கத்து ஆபீசர் வர்றாரு. தெற்கே மைதானமெல்லாம் பார்த்துட்டு ரயில்ல விழுப்புரம் ஜங்ஷன்ல இறங்குவாரு. நான் காரு வச்சிக் கூட்டியாறேன். நீ ஜல்தியா கோட்டைப் போட்டு முடி. எல்லாம் மீட்டர் கணக்கு!"

"மீட்டருக்கு நான் எங்கங்க போவேன்?"

"துணிக்கடையில இரும்புக் கோல் வச்சி அளக்கறான் இல்ல? அதுல அளந்து கயித்துல முடிச்சுப் போட்டுக்கய்யா. இதெல்லாமா நான் சொல்லணும்!"

வீட்டுக் கெணத்துக் கயித்தை அவுத்துக்கினு துணிக்கடைக்குப் போனேன். பொடவை எடுக்க வந்த பொம்பளைங்க எல்லாம் நவுந்து நின்னு வேடிக்கை பார்த்தாங்க. கோல் போஸ்ட்டு முன்னாடி போடற கட்டத்துக்காக, இரும்புக் கோல் வச்சி அளந்து பதினாறரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. பெருமையா வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் சுண்ணாம்பு. விழுப்புரத்துல ஒரு மூட்டை வாங்கி பஸ்ஸுல ஏத்தினேன். மூட்டையில ஓட்டை. கண்டக்டரு பின்னாடி சீட்டுலேர்ந்து முன்னாடி சீட்டுக்கு நகர்த்துன்னாரு. நகர்த்தினேன். திரும்ப பின்னாடி கொண்டு போன்னாரு. கொண்டு போனேன்.

ஆக, முதல் கோடு பஸ்ஸுக்குள்ளதான் போட்டேன். ரெண்டு கோடு!

"யோவ், இன்னாய்யா இது, வண்டியை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிட்ட?"ன்னு கண்டக்டரு கத்தறாரு. கறுப்பு வேட்டி கட்டின ஒருத்தரு வெள்ளை வேட்டியோட இறங்கிப் போனாரு. திண்டிவனம் வந்து பார்த்தா மூட்டையில பாதி காணோம்.

மறுநாள் காலையில கயித்தை எடுத்தேன். ஈரம்! ராத்திரியோட ராத்திரியா என் சம்சாரம் அதைத் திரும்பக் கெணத்துல கட்டி, விடியக்காலம் தண்ணி சேந்தியிருக்கா.

"ஏம்மே, முடிச்சு போட்டு வச்சிருந்தேனே!"

"முடிச்சு அப்படியேதான் இருக்குது. அவுத்தேனா நானு? கயிறு இல்லாம நீ தண்ணி சேந்திக் குடுப்பியா?"

முடிச்சு இருக்குது இல்ல, போதும்னு கிளம்பிட்டேன். நாரு கயிறு நனைஞ்சா சுருங்கும். கயித்துக் கட்டில் தொங்கிப் போனா தண்ணி தெளிச்சு இழுத்துக்கறவன்தானே நானு? எனக்குத் தெரியாதா? தெரியும். அன்னிக்கி ஞாபகம் வரல.

கெழக்குப் பக்கம் கோல் கட்டத்தை ஈரக் கயித்துல அளந்தேன். மேக்குப் பக்கம் போறதுக்குள்ள வெயில் ஏறி கயிறு காஞ்சு போச்சு. கெழக்குக் கட்டம் சின்னக் கட்டம், மேக்குக் கட்டம் பெரிய கட்டம். அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா மாதிரி!

இதோட விட்டுதா? மேக்குக் கட்டத்துல கோடு போடற எடத்துலயே ஒரு பட்டாளம் படுத்திருக்குது. அஞ்சலையோட மல்லாட்டை! வேர்க்கடலைன்னு சொல்வீங்களே, அது.

அஞ்சலை யாருன்னா, மைதானத்துக்குப் பின்னாடி அரைக் காணி கொல்லை வச்சிருக்கறவ. வருஷா வருஷம் மல்லாட்டையைப் பறிச்சு இங்கதான் காய வைப்பா. இந்தத் தபா வெதைக்கு வச்சிருந்தது அது. அவ அடுத்த கூடையை எடுத்தாரப் போயிருந்தா.

எங்க பக்கத்துல காயப் போட்ட பயிரை யாரும் மிதிக்க மாட்டோம், தாண்டவும் மாட்டோம். நகர்த்தறதுன்னா போட்டவங்களே வந்து நகர்த்தணும். கூப்பிட்டுப் பார்த்தேன். ஆளைக் காணோம். விழுப்புரத்துலேர்ந்து காரு வர்ற நேரம்.

நான் இன்னா பண்ணேன்? கோட்டை வளைச்சு, மல்லாட்டையைச் சுத்திக் கொண்டு போயி, அந்தாண்ட பக்கம் திரும்ப நேராக்கினேன். தூர நின்னு பார்த்தா, மைதானம் மாசமா இருக்கற மாதிரி இருந்துச்சு!

காரு வந்துச்சு. ஆபீசர் இறங்கினாரு, நம்ம தமிழ் ஆளுதான். தொப்பி, பூட்ஸு, கையில தோல் பொட்டி. செக்ரட்டரி மாலையைப் போட்டாரு. ஆபீசர் கழுத்தை நீட்டின அழகைப் பார்த்தா, பந்து பார்க்க வந்தவராத் தெரியல.

பசங்க எல்லாம் வரிசையா நின்னாங்க. ஆபீசர் ஒருத்தனைக்கூட "நீ எந்த எடத்துல ஆடற?"ன்னு கேட்கல. பொட்டியைத் தொறந்தாரு, இரும்பு டேப்பை எடுத்தாரு.



கெழக்கே அளந்தாரு. மேக்கே அளந்தாரு. திரும்பக் கெழக்கே வந்தாரு. "இன்னா மிஸ்டர் சம்பந்தம், ஒரு பக்கம் கொழந்தைங்க ஆடுமா?"

செக்ரட்டரி என்னைப் பார்த்தாரு. நான் கயித்தைப் பார்த்தேன்.

"அந்த வளைவு இன்னா? எந்த ரூல்ல இருக்குது?"

"சார், அது வந்து... காத்துக்கு..."ன்னாரு செக்ரட்டரி. காத்துக்கு! மெத்தப் படிச்சவரு சொன்ன பதில் இது.

ஆபீசர் பேனாவை எடுத்துட்டாரு. "இது கிரவுண்டா? நாட் ஃபிட்டுன்னு எழுதிட வேண்டியதுதான்." வேலி ஓரத்துல லாரிக்காரனோட ஆளு ஒருத்தன் பீடி பத்த வச்சிக்கினு சிரிக்கறான்.

ஆபீசர் வளைவைக் கிட்டக்க பார்க்கறதுக்கு ஒரு எட்டு எடுத்து வச்சாரு.

"யோவ்! தொப்பிக்காரரே! செருப்பைக் கழட்டு!"

கூடையோட அஞ்சலை வந்துக்கினு இருக்கா. ஆபீசருக்கு முகம் செவந்துபோச்சு. "நான் யாருன்னு தெரியுமா?"

"யாரா இருந்தா இன்னா? வெதை மல்லாட்டை அது. மிதிச்சா மொளைக்குமா?"

நம்புவீங்களோ மாட்டீங்களோ, மனுஷன் பூட்ஸைக் கழட்டிட்டாரு. அஞ்சலை கூடையை இறக்கி வச்சா. "இன்னா எழுதற?"

"இந்த எடம் பந்தாட லாயக்கில்லன்னு எழுதறேம்மா."

"இன்னா கொறை?"

"கோடே கோணலா இருக்குது."

"கோட்டைக் கூட்டித் தள்ளிட்டு நாளைக்கி வேற போட்டுக்கலாம். தரையைக் கூட்டித் தள்ளிட்டு வேற போட முடியுமா? உன் காகிதத்துல கோட்டைக் கேக்குதா, தரையைக் கேக்குதா? படி, பார்க்கலாம்."

ஆபீசர் ஃபாரத்தைப் பார்த்தாரு. முதல் தபாவாப் பார்க்கற மாதிரி பார்த்தாரு. "கல், முள் இருக்கிறதா?"

"கல்லு இருக்கற எடத்துல மல்லாட்டை காய வைப்பனா? வெறுங்காலோட நடந்து பாரு. ஒரு கல்லு குத்துனா காட்டு, கிளம்பிடறேன்."

நடந்தாரு. ஒண்ணும் குத்தல.

"தண்ணீர் தேங்குமா?"

"தேங்குனா மல்லாட்டை பூசணம் பூத்துடாதா? ஒண்ணை ஒடைச்சுத் தின்னு பாரேன்."

ஒடைச்சாரு. தின்னாரு. இன்னொண்ணு ஒடைச்சாரு.

"தரை சமமாக இருக்கிறதா?"

"மேடு பள்ளம் இருந்தா ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் ஊறும். பொரட்டிப் பாரு. எல்லாம் ஒரே காய்ச்சல்."

கண்டத்தை ஆள்ற சங்கம் அச்சடிச்ச ஃபாரத்துல தரையைப் பத்தின ஒரு கேள்வியும் மிச்சமில்ல. எல்லாத்துக்கும் மல்லாட்டையிலயே பதில்! ஆபீசர் வாயில போட்டுக்கினே எல்லாத்தையும் நல்லாருக்குன்னு எழுதி, சீல் வச்சிட்டாரு. லாரிக்காரன் ஆளோட பீடி அவிஞ்சு போச்சு.

"இனி கையெழுத்துதான் பாக்கி. மைதானத்தைப் பராமரிக்கறது யாரு?"

செக்ரட்டரி கோட்டுப் பொத்தானைச் சரி பண்ணிக்கினு தொண்டையைக் கனைச்சாரு. நானும் ஒரு எட்டு முன்னாடி வந்தேன். என் உத்தியோகம் இல்லையா அது!

அதுக்குள்ள அஞ்சலை கட்டைவிரலை மைப்பொட்டியில வச்சிட்டா. "கல்லு பொறுக்கறது நானு. கூட்டறது நானு. மாடு வந்தா ஓட்டறது நானு. எழுதிக்க, அஞ்சலை." அழுத்தி ஒரு கைநாட்டு வச்சா.

"அப்ப நானு?"ன்னு கேட்டேன்.

"நீ கோடு போடறவன். இனிமேட்டு என்னைக் கேட்டுப் போடு."

விரல்ல மை. தொடைக்கத் துணி தேடினா. நான்தான் வெள்ளைச் சட்டையில பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். தோளுலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்துட்டு, மல்லாட்டையைப் பொரட்டிப் போடப் போயிட்டா.

அன்னிக்கி அந்த மைதானத்துல நேரா விழுந்த கோடு அது ஒண்ணுதான்.