பதினாறு பவுண்டுச் சாலை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெரிய ஆள் என்று உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அது அந்தக் காலத்துப் பேச்சு. சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று இருக்கலாம் என்பதை அரசாங்கக் கொள்கையாகவே உயர்த்திய பெருமை தென்காசிச் சீமைக்கு உரியது. அந்தப் பெருமையைத் தன்னந்தனியாகத் தேடித் தந்தவர் உதவிப் பொறியாளர் விஜயசங்கர்.

பண்பொழிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஈச்சங்காடு என்றொரு குடியிருப்பு. அதற்கு விஜயசங்கர் ஒரு தார்ச்சாலை போட்டிருந்தார். அருமையான சாலை. போட்ட நாள் முதல் ஒரு குழி விழவில்லை, ஒரு ஓரம் அரிக்கவில்லை. கோப்புக்குள்ளேயே இருப்பதால் அதன்மேல் வெயில்கூடப் பட்டதில்லை. தரையில் அந்த இடத்தில் பாறாங்கல்லும் ஓடை மணலும் கிடந்தன. அதை அவர் 'கள நிலவரம்' என்பார். கள நிலவரத்துக்கெல்லாம் கவலைப்பட்டால் மனுசன் உத்தியோகம் பார்க்க முடியுமா?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நாளில், ஈச்சங்காட்டுப் பேச்சிமுத்து தென்னை மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் ஓடைவரை வந்து, "ரோடு இல்லை" என்று சொல்லிவிட்டு நிற்காமல் திரும்பிவிட்டது. மேலிடத்திலிருந்து விஜயசங்கருக்குப் போன் வந்தது.

"ரோடு இருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஆபீஸ் ஜீப்புல நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க."

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. மலையில் மழை, கீழே சாரல், ஓடையில் கணுக்கால் தண்ணீர். கரையில் டிரைவர் ஒலி முகம்மது ஜீப்பை நிறுத்தினார்.

"சார், காத்தை எறக்கணும். இந்த மணல்ல முப்பத்தஞ்சு பவுண்டோட போனா டயரு தோண்டிக்கிட்டு உள்ள போயிரும். பதினாறு போதும்."

"எந்த மணல்ல பாய்?"

"இந்தா, முன்னால கெடக்குத மணல்ல."

"முன்னால கெடக்கது தார் ரோடு."

ஒலி முகம்மது கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். "சரி சார். அப்ப, இந்தத் தார் ரோட்டு மணல்ல..."

டயர் பரந்து உட்கார்ந்தால்தான் மணலில் ஏறும் என்பது விஜயசங்கருக்கும் தெரியும். பொறியியல் படித்தவர். ஆனால் மணலுக்கேற்ற காற்றை வைத்தால் மணல் இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். மணல் இருந்தால் சாலை இல்லை. சாலை இல்லையென்றால் விஜயசங்கருக்கு வேலை இல்லை. ஒரு குடும்பத்தின் சோறு நான்கு வால்வுக்குள் அடைபட்டுக் கிடந்தது.

"முப்பத்தஞ்சோடயே போங்க."

போனார்கள். நடு ஓடையில் நான்கு சக்கரமும் புதைந்து ஜீப் உட்கார்ந்துவிட்டது.

எதிர்க்கரையில் நான்கு பேர் பேச்சிமுத்துவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் அவன் பெண்டாட்டி முத்துவடிவு குடை பிடித்து ஓடிவந்தாள்.

"ஜீப்பு வருதுன்னு சொன்னாக, தூக்கிட்டு ஓடியாந்தோம். என்ன சார், நடுவுல நிக்கீங்க?"

"ரோட்டை ஆய்வு பண்ணுதேன்."

முத்துவடிவு தூக்கி வந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏலே, கட்டில எறக்கி வச்சிட்டு சாரோட ஆய்வைத் தள்ளிவிடுங்கலே."

தள்ளினார்கள். சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி அவர்கள் முகத்தில் அடித்தது. ஜீப் இன்னும் ஒரு சாண் இறங்கியது. கட்டிலிலிருந்து பேச்சிமுத்து முனகினான். "சார், ரோடு இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி. எனக்கு உசுரு போகுது. காத்தை எறக்குங்க."

"தண்ணி ஏறுது சார்," என்றார் ஒலி முகம்மது.

அந்த நெருக்கடியில்தான் விஜயசங்கரின் மேதைமை விழித்துக்கொண்டது. ஜீப்பிலேயே எழுந்து நின்றார். "இது சிறப்பு வகைத் தார்ச்சாலை. குறைந்த காற்றில் ஓட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது."

"எப்பலேருந்து சார்?"

"இப்பலேருந்து."

காற்று 'புஸ்'ஸென்று இறங்கியது. ஜீப் மெல்ல ஊர்ந்து எதிர்க்கரை ஏறியது. சக்கரம் தெரியாமல் போட்டோ எடுத்துக்கொண்டு பேச்சிமுத்துவை ஏற்றினார்கள். தென்காசி ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் சத்தம் போட்டார். பேச்சிமுத்துவின் கால் கொஞ்சம் குட்டையாகத்தான் வீட்டுக்குத் திரும்பியது.

விஜயசங்கர் சொன்ன சொல் மாறாதவர். அடுத்த மாதமே ஓடைக்கரையில் நீல நிறத்தில் ஒரு போர்டு எழுந்தது. 'இத்தார்ச்சாலையில் செல்வோர் டயரில் பதினாறு பவுண்டு காற்று மட்டுமே வைத்துக்கொள்ளவும்.' மாலை, மைக், ரிப்பன், லட்டு, எல்லாம் உண்டு. போர்டு மட்டும் நிஜமாகவே இருந்தது. பயனடைந்த குடும்பம் என்பதால் நன்றியுரைக்கு முத்துவடிவைக் கூப்பிட்டார்கள்.

அவள் மைக்கை வாங்கி, போர்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வண்டிக்கு பதினாறு பவுண்டுன்னு எழுதிட்டீங்க, ரொம்ப சந்தோசம். எங்க ஊர்ல வண்டி கெடையாது சார், கட்டில்தான். அதைத் தூக்கிட்டு வாரவுக காலுக்கு எத்தனை பவுண்டு காத்து அடிக்கணும்னு கீழயே எழுதிருங்க."