தொரை வியாதி வந்த மருமகள் ஓடிப்போன கதை

சிம்பாங் ரெங்கம்,
சனிக்கிழமை.

அன்புக்கும் அதைவிடப் பெரிய கோபத்துக்கும் உரிய மச்சான் அர்ச்சுனன் அவர்களுக்கு,

உன் அக்காள் கிருஷ்ணம்மாளைக் கட்டிக்கொண்ட அன்றே உன் ஏச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட ஐயாசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காளும் நலம், கோழிகள் நலம். அங்கே ஜொகூர் பாருவில் உன் சீனியும் ரத்தக் கொதிப்பும் இறங்கி, நீ இறங்காமல் இருக்க முருகனை வேண்டுகிறேன்.

மூன்று வாரமாக நீ என் போனை எடுப்பதில்லை. என் பெயர் வந்தாலே வெட்டிவிடுகிறாய் என்று உன் மகளும் என் மருமகளுமான ரூபினி சொன்னாள். ஆகையால் இதை யுகேந்திரன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எனக்கு மகன் என்பதற்காக அவனை ஏசாதே, உனக்கு அவன் மருமகன். நீ வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வாயை அசைத்துப் படிக்கிற ஆள். அவசரமே இல்லை. காற்று வருகிற முன்வாசல் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள். சீனி போடாத கோப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள். நடுவில் எழுந்திருக்காதே. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன். என் வாக்கியம் எங்கே முடியும் என்று எனக்கே தெரியாது, நீ எழுந்து போய் வந்தால் விட்ட இடம் கிடைக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் நாள் முழுக்க செனாய் ஃபேக்டரியில் நின்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலமானால் திடலைச் சுற்றி ஓட ஆரம்பித்தபோது முதலில் சிரித்தவன் நான்தான். "என்னம்மா, நாய் தொரத்துதா?"ன்னு கேப்பேன். "நாயி பரவாயில்ல மாமா, அது ஒரு தடவ கொரைச்சிட்டு நிறுத்திரும்"னுவா. அப்புறம் ஒரு நாள், ஜொகூர் பாருவுல மாரத்தான் இருக்கு, நாப்பத்திரெண்டு கிலோமீட்டர், பேர் குடுத்திட்டேன்னு வந்து நிக்கிறா. "அவ்வளவு தூரத்துக்கு பஸ்ஸு இல்லியா?"ன்னு கேட்டேன். உன் அக்கா கரண்டியால என் முதுகுல ஒண்ணு வச்சா. ஏம்மா ஓடுறேன்னு ஒரு தடவ நெசமாவே கேட்டேன். "ஃபேக்டரியில ஒன்னுக்குப் போறதுக்குக்கூட கைய தூக்கிக் கேக்கணும் மாமா. இங்க யாரையும் கேக்க வேண்டாம், ரோடு பாட்டுக்குப் போயிட்டே இருக்கு"ன்னா.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா நெடுந்தூர ஓட்டம். வாரத்துக்கு வாரம் தூரம் கூடிக்கிட்டே போவும். தார் ரோடு காலுக்குக் கடினம்னு செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டுல ஓடுவா. அப்பதான் இடது குதிகால்ல வலி வந்துச்சு. பெரிய வலி இல்ல, காலையில கட்டில விட்டு எறங்கி மொத அடி வைக்கும்போது சுருக்குன்னு குத்தும், பத்து அடி நடந்தா விட்டுரும். குளுவாங்ல காலுக்குப் பயிற்சி சொல்லிக் குடுக்குற ஒரு அம்மாகிட்ட போயிட்டு வந்தா. என்னம்மா வியாதின்னு கேட்டா, 'பிளாண்டர்'னு என்னமோ சொன்னா மச்சான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பிளாண்டர்னா யாரு? தோட்டத்துத் தொரை. நம்ம பரம்பரையே வெறுங்கால்ல நடந்த பரம்பரை, சப்பாத்து போட்டு நடந்தவன் தொரை ஒருத்தன்தான், அவனுக்கு வர வேண்டிய வியாதி நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எப்பிடி வந்துச்சு? எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு. டவுனுக்குப் போயி சாப்பாட்டுக் கடையில, முடி வெட்டுற கடையில, கோயில்ல, எல்லா எடத்துலயும் என் மருமகளுக்கு தொரை வியாதின்னு சொல்லிட்டேன். கோயில் தலைவரு எங்கிட்ட இப்பல்லாம் ஒரு மாதிரி மரியாதையா பேசுறாரு. அது உள்ளங்கால் தசைக்கு இங்கிலீஸ்காரன் வச்ச பேருன்னு ரூபினி படம் போட்டு வெளக்கினது பிற்பாடுதான். நான் யார்கிட்டயும் திருத்திச் சொல்லல.

அந்த வியாதிக்கு வைத்தியமும் தொரை வைத்தியம்தான். மாடிப்படி விளிம்புல முன்னங்காலால நின்னு குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்குவா. அவ பக்கத்து வீட்டு வேலியத் தாண்டி எட்டிப் பாக்குறான்னு நெனச்சு நானும் போயி எட்டிப் பாத்தேன், அந்த வீட்டு அங்கம்மா என்ன கேள்வி கேட்டாங்கன்னு உனக்கு எழுத முடியாது. தரையில துண்டப் போட்டு கால் வெரலால சுருட்டி இழுப்பா. பாட்டில்ல தண்ணிய ஊத்தி ஐஸாக்கி, அத உள்ளங்காலுக்கு அடியில போட்டு உருட்டுவா. இது தெரியாம ஒரு நாள் வெயில்ல வந்து ஐஸ் பெட்டியத் தொறந்தேன், இன்னும் ஐஸாகாம ஜில்லுன்னு ஒரு பாட்டில் இருந்துச்சு, பாதி குடிச்சிட்டேன். "அலமாக், மாமா, அது என் கால் பாட்டில் லா"ங்கறா. உள்ள இருக்குறது நல்ல தண்ணிதான்னு அவளே சமாதானம் சொன்னா. ஆனா உன் அக்கா ஒரு வாரம் எனக்கு தனி டம்ளர் வச்சா.

ஒரே ஒரு சட்டம், அத நல்லா கேட்டுக்க. வலிக்கு பத்துக்கு இத்தனன்னு மார்க்கு போடணும்னு அந்த அம்மா சொல்லி அனுப்பிருக்காங்க. மூணு வரைக்கும் ஓடலாம். நாலு வந்தா அந்த எடத்துலயே நிறுத்திறணும். "மூணு மார்க்கா? நான் கணக்குல வாங்குனது அதுதான்"னேன். "அப்ப நீங்க தாராளமா ஓடலாம் மாமா"ன்னா.

ஒரு ஞாயித்துக்கிழமை என் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு, தண்ணியும் ஒரு சீப்பு வாழப்பழமும் மாட்டிக்கிட்டு பின்னாலயே போனேன். தொணைக்குன்னு சொல்லிக்கிட்டேன், போனது கிண்டல் பண்ணத்தான். அவ ஓடுற வேகத்துக்கு மோட்டார உருட்டி உருட்டி, இஞ்சின் சூடேறி, தோட்டத்து நடுவுல படுத்திருச்சு. "இந்த மதகு மேலயே உக்காருங்க மாமா, நான் சுத்திச் சுத்தி இந்தப் பக்கமாத்தான் வருவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. மொத சுத்து வந்தா. "மார்க்கு எத்தன?"ன்னேன். "ஒண்ணு." "பெயிலு"ன்னேன். சிரிச்சிட்டே போனா. ரெண்டாவது சுத்துல "ரெண்டு"ன்னா, பாஸாவுற மாதிரி தெரியுதுன்னேன். அதுக்கப்புறம் மழை புடிச்சிக்கிச்சு மச்சான். செம்பனை எலையில விழுற மழை, உனக்குத் தெரியும், பேசினா பக்கத்துல இருக்குறவனுக்குக் கேக்காது. சரி, பொண்ணு எங்கயாவது மரத்துக்கடியில ஒதுங்கியிருக்கும்னு வாழப்பழத்த உரிச்சு நானே தின்னுட்டேன். மழை விட்டுச்சு. தோட்டமே கம்முன்னு இருக்கு. அப்ப சத்தம் மட்டும் வருது. ஆளக் காணோம். தப், தப், தப். மோட்டார் ஓடுனவரைக்கும் நான் அந்தச் சத்தத்தக் கேட்டதே இல்ல. ரெண்டு காலும் ஒரே மாதிரி விழல. வலது காலு அழுத்தமா விழுது, இடது காலு, தூங்குற பச்சப் புள்ளயப் பாயில கெடத்துவோமே, அந்த மாதிரி எறங்குது. ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான். எத்தன ஆயிரம் தடவ அப்பிடி வச்சிருப்பான்னு நெனச்சுப் பாரு.

வளைவுல திரும்பி வந்தா. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சேறு. பின்னால செம்பனைப் பழம் ஏத்துன லாரி ஒண்ணு, ஹாரன் அடிக்காம, சாமி ஊர்வலத்துல வர்ற மாதிரி மெதுவா வருது. நான் அடுத்த கிண்டல வாயில தயாரா வச்சிருந்தேன். அவ கிட்ட வந்தப்ப என்னமோ தெரியல, மதகுலேர்ந்து எழுந்து நின்னுட்டேன். தொரை கார் வந்தா நம்ம ஆளுங்க எழுந்து நிப்பாங்கல்ல, அந்த மாதிரி. எங்கப்பா காலத்தோட விட்டுப்போன பழக்கம், என் முழங்காலுக்கு எப்பிடி ஞாபகம் இருந்துச்சோ. "மூணு மாமா"ன்னு சொல்லிட்டு, பழம் இல்லைன்னு பாத்துட்டு, தண்ணிய மட்டும் வாங்கிட்டு, நடந்து, மறுபடி ஓடிப் போயிட்டா. லாரிக்காரன் என்னப் பாத்து "உங்க மகளா?"ன்னு கேட்டான். ஆமான்னுட்டேன். அதுக்கு நீ கோவிச்சுக்காத.

இப்ப அந்த மூணு வாரத்துக்கு முந்துன ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். கடைசி நெடுந்தூர ஓட்டம், எல்லாத்தையும் விட நீளமானது. என் மோட்டார் வொர்க்‌ஷாப்ல கெடந்துச்சு. யுகேந்திரன் சிங்கப்பூர் வேலையிலேர்ந்து லீவுல வந்திருந்தான், கூட்டாளி மோட்டார வாங்கிட்டு அவன் பின்னால போனான். நீ காலங்காத்தால போன் பண்ணி ரூபினி எங்கன்னு கேட்ட. "ஓடிப்போயிட்டா மச்சான், விடியறதுக்கு முன்னாடியே. ஆம்பள ஒருத்தன் மோட்டார்ல கூடப் போறான்"னேன். இதுல ஒரு வார்த்தை பொய்யின்னு நீ காட்டு. நீ சிரிப்பேன்னு பாத்தேன். நீ என்னடான்னா வேன எடுத்துக்கிட்டு நெடுஞ்சாலையில பறந்து வந்து, தோட்டத்து ரோட்டுல அவ நொண்டிக்கிட்டு தனியா வர்றதப் பாத்து, மாமியா வீட்டுல அடிச்சுத் தொரத்திட்டாங்கன்னு முடிவு பண்ணிட்ட. யுகேந்திரன் ஐஸ் வாங்கப் போயிருந்தான், அவ்வளவுதான். "குதிகால் வலிப்பா"ன்னு அவ சொன்னதுக்கு, "அடி வாங்குன எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க"ன்னு அவள வேன்ல ஏத்திட்டுப் போயிட்ட. அப்புறம் நெசம் தெரிஞ்சும் விட மாட்டேங்கற. காலு போயிரும், ஓடவே கூடாதுன்னு சப்பாத்த அலமாரியில வச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, நீயே செனாய்க்குக் கொண்டுபோய் விட்டு நீயே கூட்டிட்டு வர்ற. எதுத்துப் பேசினா படுத்துக்குற. "அப்பாவுக்குப் பிரஷர் ஏறிரும் மாமா"ன்னு அவளும் வாய மூடிக்கிட்டு இருக்கா. நாளைக்குக் காலையில மாரத்தான். வருசம் பூரா ஓடுனது அதுக்குத்தான்.

எழுந்திரிக்காத, இன்னும் இருக்கு.

உன் பயம் எனக்குப் புரியாம இல்ல. உன் கால் வெரல எடுத்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நானும்தான் இருந்தேன். வலிக்கவே இல்லியே மாமா, வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேனேன்னு எங்கிட்ட அழுத. வலிக்காததாலதான் உன் வெரலு போச்சு. உன் மகளுக்கு வலிக்குது மச்சான், அது என்ன சொல்லுதுன்னு குனிஞ்சு கேட்டுக்கேட்டு ஓடுறா. நீ பாத்தியே அந்த நொண்டல், அது நாலு. நாலு வந்துச்சு, நிறுத்திட்டா. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, வீடு தெரியுது, புருசன் பக்கத்துல நின்னு போயிடலாம்ங்கறான், இவ "நாலு"ன்னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சிட்டா. நானா இருந்தா மூணுன்னு பொய் சொல்லி ஓடியிருப்பேன். நீ அஞ்சுலயும் சொல்லியிருக்க மாட்ட. ஓடுனதப் பாத்து எழுந்து நின்னேன்னு சொன்னேன்ல, நிறுத்துனதக் கேட்டப்ப எனக்கு அதுக்கும் மேல இருந்துச்சு.

இன்னொண்ணு சொன்னா உனக்கு எரியும். மாரத்தானுக்கு முன்னாடி மூணு வாரம் ஓட்டத்தக் கொறைச்சு காலுக்கு ஓய்வு குடுக்கணுமாம், எல்லாருக்கும் அதுதான் முறையாம். நீ பூட்டி வச்சு அந்த வேலையத்தான் பாத்திருக்க. இப்ப மொத அடி வச்சா ஒண்ணுதானாம், சில நாள் அதுவும் இல்லியாம். குளுவாங் அம்மாவும் ஓடலாம்னு சொல்லிட்டாங்க. அதனால உன் காலத் தொட்டுக் கேக்குறேன், ஒம்போது வெரலத்தான் தொடுவேன், அலமாரியத் தொறந்து அந்தச் சப்பாத்த நீயே எடுத்துக் குடு. அவ கேக்குறதுக்கு முன்னாடி குடு. அது போதும் அவளுக்கு.

என்றும் உன் குடும்பம் தழைக்கவும், மீதமுள்ள விரல்கள் நீடூழி வாழவும், உன் கோபம் பூனை போல வந்த வழியே போகவும் வாழ்த்துகிறேன். உன் அக்காள் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மாமன்
ஐயாசாமி

பின்குறிப்பு: அலமாரியத் தொறக்காத. அதுல இருக்குறது உன் அக்கா தோட்டத்துல கத்திரிக்கா பறிக்கப் போட்டுக்குற ரப்பர் பூட்ஸு. புதன்கிழம முறுக்கோட வந்து, சாமி படத்துக்குச் சாத்த அலமாரியில இருக்குற பட்டுத்துணி வேணும்னு உங்கிட்ட சாவி வாங்கினா பாரு, அப்ப மாத்திட்டா. இந்த லெட்டர் ஏன் இவ்வளவு நீளம்னு நீ இன்னும் யோசிக்கல போல. யுகேந்திரன் இத உன் கையில குடுத்துட்டு கார எடுத்துக்கிட்டு பின் சந்துக்குப் போயிட்டான். நீ தெருவப் பாத்து உக்காந்து, வெரல வச்சு, எழுத்துக் கூட்டி இங்க வந்து சேர்றதுக்குள்ள அவங்க சிங்கப்பூர் பாலத்தயே தாண்டியிருப்பாங்க. ராத்திரி அவன் ரூம்ல தங்கிட்டு விடிகாலையில நேரா ஓட்டத்துக்கு வந்துருவாங்க. இனிமே வேன எடுத்தும் பிரயோசனமில்ல. ஆனா ரூபினியப் பத்தி எழுதுனதுல ஒரு எழுத்துக்கூட கதையில்ல. நாளைக்குக் காலையில ஓட்டம் முடியற எடத்துல நாங்க ரெண்டு பேரும் இருப்போம், உனக்கு நாற்காலி கொண்டாறேன். அவ வர்றப்ப நீ எப்பிடியும் எழுந்து நின்னுருவ, இருந்தாலும் கொண்டாறேன். இப்ப எழுந்துபோய் அவ அறையப் பாரு. ஓடிப்போயிட்டா மச்சான்.