செல்வி கேட்ட மலைப் படம்

யார் சமைப்பது என்பதைவிட, எந்தப் படம் பார்ப்பது என்பதில்தான் அதிகக் குடும்பங்கள் குலைகின்றன. எங்கள் குடும்பம் குலையவில்லை. நனைந்தது.

என் மனைவி செல்விக்குத் திண்டிவனத்தில் நர்ஸ் வேலை. நைட் டியூட்டி. எந்தப் படத்தையும் இடைவேளை வரைக்கும்தான் பார்த்திருக்கிறாள்; அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். "வில்லன் செத்தானா இல்லியா?" என்று பஸ்ஸிலிருந்து போன் செய்வாள். (ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் நான் கதாநாயகனைச் சாகடித்துவிட்டேன். விடிய விடிய வார்டில் சோகமாக இருந்தாளாம்.)

போன சித்திரையில் அவளுக்கு ஒரு ராத்திரி லீவு கிடைத்தது. எங்கள் ஊர் செஞ்சியில் சித்திரை என்றால், பகலெல்லாம் குடித்த நெருப்பைப் பாறைகள் சாயங்காலம் ஊருக்குள் துப்பும். மத்தியானம் தூங்கி எழுந்ததும் செல்வி சொன்னாள்.

"ஏங்க, இன்னிக்கி முழுப் படம் பாக்கப் போறேன். வணக்கம் போடற வரிக்கும் எந்திரிக்க மாட்டேன். மலைப் படமா ஒண்ணு எடுத்து வைங்க. குமாரும் வரான்."

"மலையா?"

"ஆமா. நல்லா பெரிய மலையா."

நான் உரைநடையில் கவிதை எழுதுகிறவன். (அதாவது, வரியை எங்கே உடைப்பது என்று தெரியாதவன்.) ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். ஒரு படத்தில் மலை குட்டை. இன்னொன்றில் மலையைவிடப் பாட்டு அதிகம். கடைசியில் அகப்பட்டது: பனி போர்த்திய சிகரம், தாடி வைத்த ஒருவன், வசனம் கிட்டத்தட்ட இல்லை. முன்னோட்டத்துக்கே கண் கலங்கிவிட்டேன். செல்வி என் ரசனைக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் கலங்கினேன்.

சாயங்காலம் மச்சான் குமார் வல்லத்திலிருந்து அவித்த மல்லாட்டையோடு வந்தான். (வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை.) மகள் யாழினி ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்தாள். (ழகரம் வேண்டும் என்று நான் அடம்பிடித்து வைத்த பெயர். கூப்பிடும்போது எல்லோருக்கும் யாலினிதான். எனக்கும்.)

படம் ஓடியது. தாடிக்காரன் நடந்தான். மூச்சு வாங்கினான். நடந்தான்.

"இன்னா மாமா, கூட யாரும் வரலியா?" என்றான் குமார்.

"தனிமைதான் கதையே."

"அப்ப ஹீரோயின்?"

"மலைதான்."

குமார் மல்லாட்டையை உரிக்கத் தொடங்கினான். செல்வி முந்தானையால் விசிறிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"ஏங்க, மலை எப்ப வரும்?"

"வந்துடுச்சே!"

"எங்க?"

"அதோ, எதிர்லயே!"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "லேசாக்கூட காணோமே."

"லேசாவா? எம்மாம் பெருசு! படம் ஆரம்பிச்சதுலருந்து நிக்குது."

"ஆரம்பத்துலயே நின்னுடுச்சா? அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் படத்த எடுத்தீங்க?"

"மலைன்னா நிக்காம?"

"நிக்கட்டும். அதுக்கு மின்னாடி கொஞ்சமாவது பேயணும் இல்ல?"

மல்லாட்டை உரிக்கும் சத்தம் நின்றது. யாழினி தரையில் உருண்டு சிரித்தாள். "நைனா! அம்மா கேட்டது வானத்துலருந்து விழற மலை!"

எங்கள் ஊர் நாக்குக்கு மலையும் மலைதான், மழையும் மலைதான். ஒரு கவியரங்கில் நான் மழையைப் பற்றி உருகி வாசித்தபோது, முன்வரிசை மொத்தமும் ராஜகிரி மலையைத் திரும்பிப் பார்த்தது. அப்போதே திருந்தியிருக்க வேண்டும்.

"ஜன்னலத் தொறந்தா மலை. துணி காயப்போடப் போனா மலை. லீவு போட்டு மலையப் பாக்க நான் இன்னா லூசா? வெந்து சாவறனே, ஜில்லுனு நாலு தூறல் பாக்கலாம்னு கேட்டா…" செல்வி கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

அவசரமாக மழைப் படம் தேடினோம். குமாருக்குச் சண்டையோடு மழை வேண்டும். யாழினிக்குப் பேயோடு. எனக்கு மழை மட்டும் போதும், மனிதர்களே வேண்டாம். வாதாடி முடித்துத் திரும்பினால், செல்வி சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள், விரல்களுக்கிடையில் உரிக்காத ஒரு மல்லாட்டை. டிவியை அணைத்தோம்.

ரிமோட் அன்றோடு என் கையைவிட்டுப் போனது. குமார் இன்றும் எங்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் போன் செய்வான்: "மாமா, அங்க நிக்கிற மலையா, பேயற மலையா?"

போன மாதம் ஒரு காலை. ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து சாய்ந்து மழை. அதன் பின்னால் ராஜகிரி, குளிப்பாட்டிய யானைபோல் கறுத்து மினுங்கியது. நான் ஒரு வரிக்காகக் காத்திருந்தபோது செல்வி பஸ்ஸிலிருந்து அழைத்தாள்.

"ஏங்க, நான் கொட வேற எடுத்துனு வரல. அங்க மலை நின்னுடுச்சா?"

நான் யானையைப் பார்த்தேன். "நின்னுதான் இருக்குது" என்றேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து, சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்தாள். நான் ஒரு துண்டோடும் ஒரு விளக்கத்தோடும் ஓடினேன். துண்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கி கேட்ட படம்," என்றாள் தலையைத் துவட்டியபடி, "இன்னிக்கிதாங்க பாத்தேன். வணக்கம் போடற வரிக்கும்."