பிற்பகல் இரண்டு மணி, நாற்பத்தாறு டிகிரி

வேங்கிக்கால்,
சித்திரை 14

அன்புள்ள தம்பி மூர்த்திக்கு,

அக்கா எழிலரசி எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எல்லாம் நலம். ஓசூரில் நீயும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய நம் பத்து சென்ட்டை வண்டி நிறுத்துமிடமாக்கப் போவதாகச் சொன்னாய். கோடையில் அங்கே ஒரு விதையை முளைக்க வைத்துக் காட்டினால் அந்த எண்ணத்தை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னாய். இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவளிடம் சொல்கிற பேச்சா இது? அங்கே எதுவும் முளைக்காததற்குக் காரணம் நிலத்தின் ராசி இல்லை, மண்ணின் சூடு. மண் கொதித்தால் விதை உள்ளேயே வெந்துவிடும், மண்புழு ஆழத்துக்கு ஓடிவிடும், மண்ணை மண்ணாக வைத்திருக்கும் நுண்ணுயிர்களும் குறைந்துபோகும். இதை நிரூபிக்க இரண்டு பாத்தியில் வெண்டை ஊன்றினேன். ஒன்று வெறும் மண், மற்றது மண் தெரியாமல் வைக்கோல் பரப்பிய மூடாக்கு. வட்ட முகமும் நீளக் கம்பியுமான வெப்பமானியை வெறும் பாத்தியில் குத்தி வைத்தேன். தினமும் இரண்டு மணிக்கு அதில் பார்த்து எழுதுவேன், பிடுங்கி வைக்கோல் பாத்தியையும் அளப்பேன், திரும்ப அங்கேயே குத்திவிட்டு வருவேன். முதல் நாள் வெறும் மண் நாற்பத்தாறு, மூடாக்கு முப்பத்து மூன்று. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வெறும் மண் இருபத்தொன்பது!

கருவி கெட்டுவிட்டதோ என்று வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் விட்டுப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் காட்டியது. மறுநாள் இருபத்தெட்டு. அக்னித் தலத்தில் உச்சி வெயிலில் மண் குளிர்கிறது என்றால் நான் படித்ததெல்லாம் என்ன? ஆறாம் நாள் அறுபத்தொன்று. குனிந்து பார்த்தால் வெப்பமானியின் முகத்தில் குங்குமம், அதன் அடியில் எரிந்த கற்பூரம். பக்கத்து நிலத்துக் காசியம்மாள்தான் நம் பாத்திகளுக்கும் தண்ணீர் விடுகிறவள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னாங்க டீச்சரம்மா, தெரியாத மாரி கேக்கறீங்க? தெனமும் ரெண்டு மணிக்கு வந்து குந்திக்கினு, குனிஞ்சி அதையே உத்துப் பாத்துக்கினு, என்னாவோ எழுதிக்கினு எழுந்திரிக்கறீங்க. மலை சுத்த வர்றவங்க என்னானு நெனைப்பாங்க? எவ்ளோ பெரிய சித்தரு சமாதியோனு பாட்டில் தண்ணியெல்லாம் ஊத்திட்டுப் போறாங்க. நேத்து ஒருத்தர் எளநீ ஊத்தனாரு."

"நீ சொல்லக் கூடாதா?"

"சொன்னனே. டீச்சரம்மா சூடு பாக்கறாங்கனு சொன்னேன். அப்புறந்தான் கூட்டம் ஜாஸ்தி ஆச்சி."

முடிவு என்ன தெரியுமா? வெறும் பாத்தியில் வெண்டை பழுதில்லாமல் முளைத்துவிட்டது. மூடாக்குப் பாத்தியில் ஒன்றுகூட இல்லை. வெறுங்காலோடு தார்ச் சாலையில் வந்தவர்கள் எல்லாம் வைக்கோல் மேல் ஏறி நின்று கால் ஆற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களுக்கு மண்ணின் சூடு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆக, முளைத்தது முளைத்ததுதான், ஆனால் நான் சொன்ன காரணத்தால் இல்லை. நான் சொன்னதும் தப்பில்லை, ஆனால் மூடாக்கில் முளைக்கவில்லை. இதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வராதே. இன்னும் ஒரே ஒரு கோடை கொடு. நிலத்தை மட்டும் வண்டிக்காரர்களிடம் விட்டுடாதப்பா.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வெயிலில் அலைய விடாதே.

உன் அக்கா,
எழிலரசி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒருமுறை பார்த்து வரலாம் என்று போனேன். என் வெப்பமானியைக் கும்பிட வந்தவர்களின் பைக்குகள் மூடாக்குப் பாத்தியில் ஒன்பது நிற்கின்றன. காசியம்மாள்தான் வரிசையாக நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். சீட் சுடாமலிருக்க என் வைக்கோலை எடுத்து எல்லா வண்டி மேலும் பரப்பியிருந்தாள். அளந்து பார்த்தேன். வைக்கோல் போட்ட சீட் முப்பத்து நான்கு, போடாதது ஐம்பத்தேழு. நான் சொன்னது சரிதான்.