கடலுக்கும் காரம் குறைவு

இயேசு மரி சூசை துணை

உப்புக்குளம்,
மன்னார்.

அன்புள்ள மருமகன் நிறோஜனுக்கு,

நீங்களும் மகள் டினோஜாவும் நோர்வேக் குளிரில் தேகசுகத்தோடு இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே நானும் மாமியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தச் சுகத்துக்குள் என் வலது கண்ணையும் உங்கள் மீன்தொட்டியையும் சேர்ப்பதா விடுவதா என்று தெரியாததால், நடந்ததை முதலில் இருந்தே எழுதிவிடுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். நீங்கள் "சுருக்கமாச் சொல்லுங்கோ மாமா" என்பீர்கள். இது சுருக்கத்துக்குள் அடங்குகிற விஷயம் இல்லை.

நீங்கள் புறப்படும்போது வரவேற்பறைத் தொட்டியை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனீர்கள் அல்லவா? அந்த இரண்டு கோமாளி மீன்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை, தீன் போட்டால் தின்னும். ஆனால் தொட்டிக்குள் நிற்கிற முருகையை, பவளம் என்கிறார்களே, அதைக் கரையில் கிடக்கிற கல்லு என்று நினைத்திருந்த எனக்கு, அது தண்ணீரில் இருந்து சுண்ணாம்பை உறிஞ்சித் தன் எலும்பைத் தானே கட்டுகிற உயிர் என்று நீங்கள் சொன்னபோது, தலையாட்டினேனே தவிர நம்பிக்கை வரவில்லை. நம்ப முடியாததைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில்தான் உங்கள் சோதனைப் பெட்டியைத் திறந்தேன். குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், முதலில் நீலமாகும், பிறகு திடீரென்று மஞ்சளாகும், அதுவரை விட்ட சொட்டுகள்தான் தண்ணீரின் காரத்தன்மை. என்ன அழகான வேலை! மாமி கிட்ட வந்து பார்த்துவிட்டு, "காரமெண்டா உறைப்போ?" என்று கேட்டார். உறைப்பு இல்லை, தண்ணீர் புளித்துப் போகாமல் தாங்குகிற சக்தி என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப தோசை மாவுக்கும் செய்து பாருங்கோ" என்றுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

நிறம் பார்ப்பதில் என்னை விட ஆள் உண்டா? மன்னார்ப் பட்டினத்துத் துணிக்கடையில் நின்றே காலம் கழித்தவன் நான். சேலையை ஒருதரம் பார்த்தால் போதும், பொருந்துகிற பிளவுஸ் துணியைத் தட்டில் இருந்து கை தானாக உருவும். ஆகவே குழாயில் நிறம் மாறியவுடனே சொட்டை நிறுத்தினேன். காரம் குறைவு என்று வந்தது. காரத்தைக் கூட்ட நீங்கள் வைத்துவிட்டுப் போன தூளில் கொஞ்சம் கரைத்து விட்டேன். அடுத்த சோதனையிலும் குறைவு. இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்போதும் குறைவு. கிளை கிளையாக நிற்கிற முருகையின் நுனிகள் வெளுக்கத் தொடங்கின, மற்ற முருகை தன் பூக்களை எல்லாம் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு மொட்டைத் தலையாக நின்றது. சுண்ணாம்பைச் சோதித்தேன், அதுவும் குறைவு! பதறிப்போய்க் காரத் தூளையும் சுண்ணாம்புத் தூளையும் ஒன்றாக விட்டேன், இரண்டும் கலந்து வெள்ளையாகத் திரைந்தன. மருமகன், தொட்டிக்குள் பனி பெய்தது. நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் வாசலில் கிடந்ததே, அதே பனி. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன, மோட்டர் வெள்ளைப் பொருக்குப் பிடித்து முனகிவிட்டு நின்றுபோனது.

பக்கத்து வீட்டு றிஸ்வி, தெரியும்தானே, தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர், வந்து கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் துலக்கித் தந்தார். தந்துவிட்டு, "அங்கிள், இவ்வளவு பெரிய கடல் பக்கத்தில கிடக்க, நீங்க ஏன் பெட்டிக்குள்ள கடல் செய்யிறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பொறி தட்டியது. உண்மையான கடலின் காரம் எவ்வளவு? அது தெரிந்தால் தொட்டியில் எவ்வளவு குறை என்று தெரிந்துவிடுமே! பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாழ்வுபாட்டுக் கரைக்கு ஓட்டோவில் போனேன். மணலில் குந்தியிருந்து குழாயில் கடலை எடுத்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்து பார்த்து, "என்ன அண்ணை, கடலுக்குச் சீனி வருத்தமோ?" என்றார். நீரிழிவு சோதிக்கிற ஆள் மாதிரித்தான் நான் தெரிந்திருப்பேன். நிறம் மாறியதும் எண்ணிப் பார்த்தேன். கடலுக்கும் காரம் குறைவு! வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன், தொட்டிக்குத் தூள் போட்ட கதையையும் சேர்த்து. அந்த மனிசன், "அப்ப தூளைக் கொண்டந்து கொட்டுங்கோ, நாங்களும் நிண்டு பாக்கிறம்" என்றார். கரை முழுக்கச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு குசினியில் இருந்து வெளியே வந்தார்.

"நேற்றுத் தொட்டி பிழை. இண்டைக்குக் கடல் பிழை. உங்கட கண் மட்டும் சரியோ?"

"என்ர கண்ணையோ சொல்லுறாய்?"

"இங்க தாங்கோ, நான் விடுறன்."

தொட்டித் தண்ணீரில் அவர் சொட்டு விட, நான் "நிப்பாட்டு, மாறிட்டுது" என்றேன். "எங்க மாறினது? நல்ல நீலமா நிக்குது" என்றார். பச்சை என்றேன் நான். நீலம் என்றார் அவர். வழக்குத் தீர்க்க றிஸ்வியின் மனைவி பஸ்மினாவைக் கூப்பிட்டோம். அந்தப் பிள்ளை குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது, பிறகு என் முகத்தைப் பார்த்தது. "நீலம்தான் அங்கிள்" என்று மெதுவாகச் சொன்னது. மாமி இன்னும் பல சொட்டுகள் விட்ட பிறகுதான் அவர்கள் இருவரும் மஞ்சள் என்றார்கள். தொட்டியில் காரம் குறையவில்லை மருமகன், தலைக்கு மேலே போயிருந்தது. குழாயைக் கழுவாமலே பெட்டியை மூடினேன். தொட்டியை நினைத்து அல்ல. இந்தக் கண்ணை நம்பித்தானே நான் இவ்வளவு காலமும் சோறு சாப்பிட்டேன்?

யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றி மஞ்சளித்துப் போயிருக்கிறது என்றார். "மஞ்சள் கண்ணாடிக்குள்ளால உலகத்தைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள் ஐயா. மெல்ல மெல்ல வந்ததால தெரியேல்ல." முதலில் வலது கண். சத்திரசிகிச்சைக் கட்டிலில் படுத்தபோது, "பயமோ?" என்று கேட்டார். பயம்தான், ஆனால் அதைவிட, அந்தக் குழாய்த் தண்ணீர் உண்மையில் என்ன நிறம் என்று பார்க்கும் ஆசை பெரிதாக இருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது.

கட்டு அவிழ்த்த பிறகு என்னிடம் இரண்டு உலகம் இருக்கிறது. வலது கண்ணைத் திறந்தால் சுவர் வெள்ளை, இடது கண்ணைத் திறந்தால் அதே சுவரில் தேத்தண்ணி ஊற்றிய மாதிரி. சும்மா இருக்க முடியுமா? வீடு முழுக்க ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து பார்த்துத் திரிந்தேன். ஞாயிறு பூசையில் மாதாவின் மேலாடையை அப்படிப் பார்த்தேன், ஒரு கண்ணில் நீலம், மறு கண்ணில் பச்சை! வியந்துபோய்த் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாதா சுரூபத்துக்கு நேர் கீழேதான் பாடகர் குழுவில் பிறின்சி ரீச்சர் நின்றவ என்பதை நான் கவனிக்கவில்லை. பின்னேரம் ரீச்சரின் முறைப்பாட்டோடு பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்துவிட்டார். மாமி கதிரையை இழுத்துப் போட்டு, "சுவாமி, அவர் கண்ணடிக்கேல்ல. சோதனை செய்தவர்" என்றார். சுவாமி, "சோதனையில விழாமலும் பாத்துக்கொள்ளுங்கோ" என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு மாமி பூசைக்கு உடுத்த சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. டினோஜாவின் கலியாணத்துக்கென்று நான் பார்த்து எடுத்த சேலை. பக்கத்தில் பிளவுஸ். வலது கண்ணால் பார்த்தேன். சேலை நீலம், பிளவுஸ் பச்சை. கிட்டப் போயும் பார்த்தேன். பச்சைதான். மாமியைக் கூப்பிட்டேன்.

"அன்ரோனெற், இது பொருந்தேல்ல."

"ஓம். தெரியும்."

"கலியாணத்திலயுமா இதோட நிண்டனீ? ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் அந்தத் துணியை வெயிலில பிடிச்சுப் பிடிச்சுப் பாத்து எடுத்ததைக் கண்டனான். பிறகு என்னெண்டு சொல்லுறது?" என்று பிளவுஸைக் கொடியில் இருந்து எடுத்து மடித்துக்கொண்டு போய்விட்டார். கொடியில் மிஞ்சிய சேலையை இடது கண்ணால் பார்த்தேன், அதே பச்சை.

இப்போது தொட்டிக்கு வருகிறேன். வலது கண்ணால் மட்டும் சோதித்தேன். காரம் நீங்கள் சொன்ன அளவில் நிற்கிறது, சுண்ணாம்பும் அப்படியே. மொட்டைத் தலையாக நின்றது பூக்களை எல்லாம் வெளியே விட்டிருக்கிறது, மண்ணிறம் என்று நான் நினைத்திருந்தது ஊதா! இவ்வளவு அழகான ஊதாவை என் கடையில் ஒருநாளும் நான் விற்கவில்லை. நல்ல கண்ணும் ஒழுங்கான சோதனையும் இருந்தால் கடலையே வீட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று கண்டுகொண்டேன். இனிமேல் காலையும் மாலையும் சோதிப்பதாக இருக்கிறேன். மகளுக்கு என் கண் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மடு அன்னை உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்துக் காப்பாராக. மாமியும் றிஸ்வி குடும்பமும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
அன்பு மாமா
சிங்கராசா

பி.கு.: உறையில் போட முன்னர் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி, தொட்டி சுகப்பட்ட இடம் மட்டும் பிழை என்கிறார். நான் கண்ணில் கட்டோடு படுத்திருந்த காலம் முழுக்க அவர் ஒருதரமும் சோதிக்கவில்லையாம், ஒரு மருந்தும் விடவில்லையாம், வற்றிய அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றினாராம். "உங்கட கண்ணைத் திறந்ததால இல்லை, கட்டி வச்சதாலதான் அதுகள் தப்பினது" என்கிறார். சோதனைப் பெட்டியை எங்கேயோ ஒளித்தும் விட்டார். இடது கண்ணுக்கும் நாள் எடுத்தாயிற்று. தொட்டிக்கு நல்ல காலம் என்று மாமி மிகவும் சந்தோசமாக இருக்கிறார்.