தையல்காரர் மனையில் முப்பது சென்டிமீட்டர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் சௌக்கியமே, ஒரு விஷயத்தில் தவிர. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் வக்கீலிடம் எதையும் எழுத்தில் கொடுப்பதுதான் முறை.

உங்கள் அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சக்கர நாற்காலிதான். முன்வாசலில் ஐந்து படி. இரண்டு மாதமாக அவள் தெருவையே பார்க்கவில்லை. பக்கவாட்டுச் சந்தில் சரிவுப் பாதை போடலாமென்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் காலி நாற்காலியை உருட்டிப் பார்த்தார், அது பாதிச் சந்தில் சிக்கிக்கொண்டது. இன்னும் ஒரு அடி வேண்டும் என்றார். சந்தின் அந்தப் பக்கம், அடுத்த மனைத் தையல்காரர் போன வருடம் கட்டிய சுவர். வகுப்பில் ஒருவன் பென்சில் காணாமல் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைத்தானே முதலில் பார்ப்போம், அப்படித்தான் நான் அந்தச் சுவரைப் பார்த்தேன்.

பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கொண்டுவந்தார். அவர் மனையின் அகலம் பன்னிரண்டு மீட்டர் என்றிருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிரிவுபசாரமாகக் கொடுத்த ஒரு மீட்டர் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன். தையல்காரர் தன் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி, "சார், இது வேணுமா?" என்றார். துணி அளக்கிற டேப் துணிக்கு, நிலத்துக்கு ஸ்கேல்தான் என்று விளக்கினேன். அவரும் ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் முடிகிற இடத்தில் விரலை வைத்து, குனிந்து குனிந்து உதவினார். பன்னிரண்டு தடவை வைத்தும் முப்பது சென்டிமீட்டர் மிச்சம். ஆக்கிரமிப்பு நிரூபணமாகிவிட்டது என்று அவரிடமே சொன்னேன். பாவம், அவர் முகம் சுண்டிப்போச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். நான் சர்வேயருக்கு மனு கொடுத்தேன்.

சர்வேயர் வந்தார். அளந்தார். தையல்காரர் மனை சரியாகப் பன்னிரண்டு மீட்டர் என்றார். நான் விடலை, ஸ்கேலைக் காட்டினேன். அவர் தன் டேப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஸ்கேலில் இரண்டரை சென்டிமீட்டரைக் காணோம். முப்பத்தோரு வருஷம் வகுப்புல நான் மேசையில தட்டித் தட்டித் தேய்ஞ்ச நுனியை, எனக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி யாரோ அறுத்துச் சமமாக்கியிருக்காங்க. பன்னிரண்டு தடவை இரண்டரை எவ்வளவுன்னு நானே கணக்குப் போட்டுக்கிட்டேன். முப்பது. வந்தது வந்தோம்னு சர்வேயர் நம்ம மனையையும் அளந்தார், மாப்பிள்ளை. பத்தொன்பது வருஷமா நாம குளிக்கிற குளியலறையோட பின்சுவர், தையல்காரர் நிலத்துல ஒரு சாண் உள்ளே நிக்குது. நான் அளக்காமல் விட்ட ஒரே இடம் நம்முடையதுதான்.

இப்போது எனக்குப் பயம். அவர் வழக்குப் போட்டால் குளியலறையை இடிக்க வேண்டும். பல வருடம் அனுபவித்தால் நமக்கே சொந்தம் என்று ஏதோ சட்டம் இருப்பதாகப் படித்திருக்கிறேன். அதை வைத்து முந்திக்கொண்டு நாமே ஒரு வழக்குப் போட முடியுமா? உங்கள் அத்தையிடம் இதைச் சொன்னேன். "எனக்கு வெளிய போகணும். நீங்க என்னை விட்டுட்டு கோர்ட்டுக்குப் போறேங்கறீங்க" என்றாள். ஆனாலும் மனுவைத் தயார் செய்யுங்கள்.

மகளுக்கு என் ஆசிகள். இருவரும் நீண்ட ஆயுளோடு, வில்லங்கம் இல்லாத வீட்டில் வாழ வேண்டும்.

அன்புடன்,
மாமனார்

பின்குறிப்பு: தபாலில் போடப் போகும்போது வாசலில் கொத்தனாரும் தையல்காரரும் நின்றார்கள். சரிவுப் பாதை நீளத்துக்குத் தையல்காரர் தன் சுவரை இடித்து ஒரு அடி உள்ளே தள்ளிக் கட்டுகிறாராம். "அம்மா வெளிய வரட்டும் சார். நிலம் எங்க ஓடிடப் போகுது?" என்றார். கடிதத்தைப் போடாமல் வைத்திருந்தேன், இரண்டு நாளில் பாதை வந்துவிட்டது. உங்கள் அத்தை முதலில் போனது அவர் கடைக்கு. இன்னும் திரும்பவில்லை.

அதனால் மனு வேண்டாம். வேறொரு பத்திரம் எழுதுங்கள். அந்த ஒரு அடியும், குளியலறைக்குள் இருக்கும் ஒரு சாணும் தையல்காரருடையவை, அவர் அனுமதியால்தான் நாங்கள் அனுபவிக்கிறோம், எத்தனை வருடமானாலும் நானோ என் வாரிசுகளோ உரிமை கேட்க முடியாது என்று. ஓட்டை இல்லாமல் எழுதுங்கள், என்னை எனக்குத் தெரியும். வாரிசு உங்கள் மனைவி. அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.