விரியன் அண்ணன் சத்தியம் செய்த நாள்

தேனி மாவட்டத்துப் பாம்புகளை எல்லாம் ஒன்று விடாமல் பிடித்து எண்ணினாலும், எங்கள் விரியன் அண்ணன் வாயாலேயே பிடித்த பாம்புகளின் கணக்குக்குப் பக்கத்தில் வராது. மார்க்கையன்கோட்டையில் அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரம்மாவுக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

தொழில் என்னவோ மோட்டார் மெக்கானிக். வயலிலோ தோப்பிலோ பம்புசெட் படுத்துவிட்டால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். மோட்டார் ரூம் என்றால் இருட்டும் ஈரமும். பாம்புக்குப் பிடித்த இடம். அதனால் மோட்டாரைக் கழற்றி மாட்டுவதற்குள் நமக்குப் பாம்புக் கதை இலவசம். "ஸ்டார்ட்டர் பெட்டியத் தெறக்குறேன், உள்ள நல்லபாம்பு படம் எடுத்து நிக்குது. ‘நகருடா, ஃபியூஸ் போடணும்’னேன். நகந்துருச்சு!" என்பார். கண்ணாடி விரியன் அவரைப் பல தடவை கடித்திருக்கிறதாம். மேகமலையில் தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு பச்சிலையைக் கசக்கிக் கட்டிவிட்டு, மிச்ச வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம். பெயரும் அப்படி வந்ததுதான்.

நம்பினோமா? நம்பினோமே! டீக்கடையில் அவர் பேச ஆரம்பித்தால் கையில் இருக்கிற வடை ஆறிப்போவதுகூடத் தெரியாது.

இத்தனைக்கும் நிஜமாகவே பாம்பு கடித்துப் பிழைத்த ஆள் ஊரிலேயே இருந்தார். என் வயலுக்குப் பக்கத்து வாழைத்தோட்டத்துச் செல்வி அக்கா. அவரிடம் கேட்டால், "ஆமா, கடிச்சுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். வந்தேன்," என்று சொல்லிவிட்டுக் களை எடுக்கப் போய்விடுவார். இந்தக் கதையை எந்தக் கிறுக்கன் உட்கார்ந்து கேட்பான்?

போன வருஷம், நெல் நட்டிருந்த சமயம். எனக்கு உத்தியோகம் தேனியில். வயலைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில். மும்முனைக் கரண்ட் வந்து சுற்றிலும் மோட்டார்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. நம்முடையது மட்டும் சும்மா கிடக்கிறதே என்று, செருப்பைக்கூட வரப்பில் விட்டுவிட்டு ஓடினேன். மோட்டார் ரூம் வாசலில் குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல். கணுக்காலில் நெருப்பு வைத்தாற்போல் இருந்தது. முதுகு பூராவும் வட்டம் போட்ட கண்ணாடி விரியன் ஒன்று, அவசரமே இல்லாமல் புல்லுக்குள் போய் மறைந்தது.

நான் போட்ட சத்தத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் என் வாயில் வேப்பிலையைத் திணித்து, "கசக்குதா, கசக்குதா?" என்கிறார். இன்னொருவர் துண்டை முறுக்கிக்கொண்டு காலைக் கட்ட வருகிறார். செல்வி அக்கா ஓடிவந்து அந்தத் துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

"கட்டாதீக! தம்பி, கால ஆட்டாத, எந்திரிச்சு நடக்காத. ஏப்பா, வாழத்தார் ஏத்துற வண்டி அங்கன நிக்குதுல்ல, தூக்கிப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

யாரும் அசையவில்லை. அடுத்த தோப்பில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த விரியன் அண்ணனைக் கூப்பிட ஆள் போயிருந்ததே! "அண்ணே வந்துட்டாக! இனிக் கவலையில்ல!" என்று ஒரு குரல். எனக்கும், பொய் சொல்வானேன், அவரைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது.

அண்ணன் என் காலைப் பார்த்தார். வீங்க ஆரம்பித்திருந்தது. அவர் கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"பச்சிலையச் சொல்லுங்கண்ணே, பறிச்சிட்டு வாறோம்!"

"பச்சிலையும் இல்ல, மண்ணும் இல்ல. என்னிய ஒரு பாம்பும் கடிச்சதில்லடா. செல்வி சொல்றதக் கேளுங்க."

"பாரு, இந்த நேரத்துலயும் எம்புட்டு அடக்கமாப் பேசுறாக!" என்றார் வேப்பிலைக்காரர்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, வீரபாண்டி கௌமாரியாத்தா மேல சத்தியம்டா! நான் சொன்னது பூராம் புளுகு! பாம்பக் கண்டா மொத ஆளா ஓடுறவன் நாந்தேன். தம்பி புள்ளகுட்டிக்காரன், செத்துருவான்டா, தூக்குங்கடா!"

வாழைத்தார்களுக்கு நடுவே என்னைப் படுக்கவைத்துக்கொண்டு வண்டி பறந்தது. செல்வி அக்கா முன்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அண்ணன் என் காலை ஆடவிடாமல் பிடித்தபடி, வழி நெடுக அழுதுகொண்டே வந்தார். விஷமுறிவு ஊசி போட்ட டாக்டர், "இன்னும் தாமதிச்சிருந்தா கிட்னி போயிருக்கும்," என்றார்.

நான் வீடு திரும்பியபோது அண்ணன் டீக்கடைப் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தார். "புளுகண்ணே" என்று பொடிசுகள்கூடக் கூப்பிடுகின்றனவாம். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அவர் தன் பேரைக் காப்பாற்ற ஏதோ ஓர் இலையைக் கசக்கி வைத்திருக்கலாம். நான் போய்ச் சேர்ந்திருப்பேன். ஊர் விதியைத்தான் திட்டியிருக்கும், அவரை இல்லை. ஆயுசு முழுக்கச் சேர்த்த பேரை எனக்காக வரப்பில் போட்டு உடைத்த மனிதரை எப்படி விடுவது?

நொண்டிக்கொண்டே போய், கையைப் பிடித்து இழுத்துவந்து டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தேன். சுற்றி இருந்தவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். செல்வி அக்காவும் அங்கே பால் வாங்க வந்திருந்தார்.

"அண்ணே," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "என்னியக் கடிச்ச பாம்பு எம்புட்டு நீளம் இருக்கும்?"

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அப்புறம் செல்வி அக்காவைப் பார்த்தார்.

"பச்சிலை மட்டும் வேணாம். மத்ததச் சொல்லுங்கண்ணே," என்றார் அக்கா.

"பத்தடி இருக்கும், தம்பி," என்றார் அண்ணன்.

பாம்பைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். மூன்றடிகூட இருக்காது.

"பத்தடிக்குக் கூடவே இருக்கும்ணே," என்றேன்.